மதினிக்குக் கிடைத்த இடம்

என் மதினிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். "நலமா இல்லையான்னு நான்லா பாத்துச் சொல்லணும், நாக்கை நீட்டு" என்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன்னைக் கும்பிட்டுக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் கடைக்கு ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு சுடிதார் துணி எடுக்க வந்தாள். அந்தப் பெண் ஒரு துணியையும் தொட்டுப் பார்க்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "மார்க் வந்ததிலேர்ந்து இப்படித்தாம்மா. டாக்டருக்குப் படிக்கணுமாம். இவ மார்க்குக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கத்தான் முடியும்" என்று பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னாள். ஸ்டெதஸ்கோப்போடு நீ நிற்கும் படம் சுவரில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "டாக்டர் வீடா? அப்ப நீங்களே சொல்லுங்க, இவளுக்குச் சான்ஸ் இருக்கா?" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? இப்போதைய பரீட்சை வேறு, கணக்கு வேறு. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உன் கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் தோன்றியது, இதில் பாதி உனக்கே தெரியாதே என்று. நீ உள்ளே இருந்தபோது வெளியே பெஞ்சில் நடந்தது, நீ வீட்டில் இல்லாதபோது அம்மா சொன்னது, எதையும் உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். பக்கத்திலேயே இருந்தால் அப்படித்தான் ஆகிறது, இல்லையா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிடுகிறோம்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. மந்தைவெளியில் நம் வீடு. அப்பா காலமான பிறகு தி. நகர் ஜவுளிக்கடையை அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலைத் தாண்டினால் மெட்ராஸ், உள்ளே வந்தால் திருநெல்வேலிப் பேச்சு. பாளையங்கோட்டையிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீ வந்தபோது உன் பெட்டியில் சேலைக்கு அடியில் விலங்கியல் புத்தகம் இருந்தது. பி.யூ.சி.யில் இரண்டாம் வகுப்பு. பிறகு படித்த பி.எஸ்ஸி.யிலும் இரண்டாம் வகுப்பு. நான் அந்த வருஷம்தான் பி.யூ.சி.யை முதல் வகுப்பில் முடித்திருந்தேன். "எங்க தங்கம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்து, அடுத்த தெருவில் ஆரம்பித்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் அண்ணன் உன்னைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போய், "என்ன வேணும், கேளு" என்றானாம். நீ மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷன் கேட்டாய். டிகிரி முடித்தவர்களும் மனுப் போடலாம் என்று பேப்பரில் அறிவிப்பு வந்திருந்ததைப் பார்த்து வைத்திருந்தாய். அண்ணன் அதைச் சாப்பிடும்போது ஒரு வேடிக்கை போல எங்களிடம் சொன்னான். நீ தலையைக் குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டா வாங்கிட்டு வா. தங்கத்துக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு. வீட்டுல ரெண்டு பொம்பளப்பிள்ளை இருந்தா எதையும் ரெண்டாத்தான் வாங்கணும்" என்றாள். ரிப்பன் வாங்கச் சொல்வது போலத்தான் சொன்னாள். உனக்கும் கிடைக்கக்கூடும் என்று துளி நினைத்திருந்தாலும் அப்படிச் சொல்லியிருப்பாளா? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ராமசேஷன் சாரை நினைவிருக்கும் உனக்கு. கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். நம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேர் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "தங்கத்துக்குச் சொல்லலாம். இன்டர்வியூல ரொம்பச் சொதப்பாம இருந்தா கிடைச்சுடும்" என்றார். பிறகு உன்னைப் பார்த்தார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாது அவருக்கு.

"நான் ஆசை காட்ட மாட்டேம்மா. மார்க் சுமார்தான். இங்கிலீஷும் சரளமா வராதுங்கறே. என்.சி.சி. உண்டோ? விளையாட்டு? அதுவும் இல்லே. போட்டுப் பாக்கறதுன்னா போடு. அதையே நினைச்சுண்டு மட்டும் இருக்காதே."

"சரி சார். போடுதேன்" என்றாய். அவர் சொன்ன மற்றதெல்லாம் உன் காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்களெல்லாம் யோசனை சொன்னார்கள். மந்திரி சிபாரிசு இல்லாமல் நடக்காது என்றார் ஒருவர். கதர்ச் சேலை கட்டிக்கொண்டு போனால் நல்லெண்ணம் வரும் என்றார் இன்னொருவர். அத்தனை யோசனையும் எனக்குத்தான். உனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நடக்காத காரியத்துக்கு யோசனை எதற்கு?

நீ பாட்டுக்கு அடுக்களையில் பழைய பி.யூ.சி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாய். எவ்வளவு மெதுவாகப் படிப்பாய்! நான் இரண்டு பாடம் முடித்துவிட்டு வந்து பார்த்தால் நீ அதே பக்கத்தில் இருப்பாய். "என்ன மதினி, இன்னும் தவளையா?" என்று கேட்பேன். அப்போதெல்லாம் உன்னை நீங்க, வாங்க என்றுதான் சொல்வேன். "இன்னும் தவளைதான். அவசரப்பட்டா குதிச்சிருது" என்பாய்.

அதற்குள் உனக்கு வாந்தியும் மயக்கமும் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் ஒரே சந்தோஷம். அப்ளிகேஷனை எல்லாரும் மறந்தே போனார்கள். பிறகு ஒருநாள் இன்டர்வியூவுக்கு அழைத்து இரண்டு பேருக்கும் கார்டு வந்தது. உனக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. "பிள்ளைத்தாச்சி அங்க போயி என்ன செய்யப்போறா?" என்றாள் அம்மா. அண்ணன்தான், "கூப்பிட்டிருக்காவல்லா? போய்ட்டு வரட்டும். தங்கத்துக்கும் ஒரு துணையாச்சு" என்றான். எனக்குத் துணையாகத்தான் நீ வந்தாய், மதினி. வீட்டுக் கணக்கில் அப்படித்தான் இருந்தது.

அந்த வராந்தாவில் எத்தனை பெண்கள், எத்தனை அப்பாக்கள்! ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டார்கள். ஏழைகளுக்குச் சேவை செய்ய என்றேன். அன்று காலையிலிருந்து அதே பதிலைக் கேட்டுக் கேட்டு ஓரத்தில் இருந்த பெரியவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு நீ போனாய். மறைக்காமல், இழுத்துப் போர்த்தாமல், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு போனாய். கதவு மூடியதும் பெஞ்சில் குசுகுசுப்பு. நேரம் ஆகிக்கொண்டே இருந்தது, நீ வரவில்லை. திடீரென்று உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அப்பா, "உங்க அக்காவாம்மா?" என்றார். "மதினி. அண்ணன் வீட்டுக்காரி" என்றேன். "பாவம்" என்றார்.

இந்தப் பாவத்தை உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து இளநீர்க் கடையில் நின்றபோது என்ன நடந்தது என்று கேட்டேன். அன்று நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை மனசில் இருக்கிறது.

"மூணு பேரு இருந்தாவ. ஒரு டாக்டரம்மா, ரெண்டு ஆம்பளையாளு. இங்கிலீஷ்ல கேட்டாவ. நீங்க கேக்கது புரியுது சார், பதிலைத் தமிழ்ல சொல்லட்டுமான்னு கேட்டேன்."

"கேட்டுட்டீங்களா!"

"கேட்டாத்தான தெரியும்? சரின்னுட்டாவ. எல்லாத்துலயும் செகண்ட் கிளாஸா இருக்கியே, இந்தப் படிப்பை எப்படித் தாங்குவேன்னு ஒருத்தர் கேட்டார். மெதுவாத்தான் சார் படிப்பேன், படிச்சது போகாது, எழுதின எந்தப் பரீட்சையும் ரெண்டாம் தடவை எழுதினதில்லைன்னு சொன்னேன். அப்படியான்னுட்டு பி.யூ.சி.யில படிச்ச தவளை இதயத்தைக் கேட்டார். ஒரு பேப்பர் குடுங்க சார்னு வாங்கி வரைஞ்சே காட்டிட்டேன்."

"அப்ப ஏன் சிரிச்சாங்க?"

நீ இளநீரை ஒரு மடக்குக் குடித்தாய். "அது வேற. டாக்டரம்மா, எத்தனை மாசம்னு கேட்டாவ. அஞ்சுன்னேன். காலேஜ் தொறந்த கொஞ்ச நாள்ல பிள்ளை வந்துருமே, யாரு பாத்துக்குவான்னு கேட்டாவ. வீட்டுல நாத்தனார் இருக்கா, அவ பாத்துக்குவான்னேன். அவ என்ன செய்யுதான்னு கேட்டாவ. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா, அவளும் இன்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கான்னேன். அதுக்குத்தான் சிரிச்சாவ."

எனக்குப் புரையேறிவிட்டது. "என்னை ஒரு வார்த்தை கேக்காம என்னை ஆயா ஆக்கிட்டீங்களே மதினி!"

"வாயில வந்துட்டு தங்கம்" என்றாய். "இந்த ஊர்ல எனக்கு வேற யாரைத் தெரியும்?"

இளநீர்க்காரரிடம் வழுக்கையைச் சுரண்டித் தரச் சொல்லி இரண்டு பேரும் தின்றோம்.

முடிவு கார்டில் வந்தது. ஒரே ஒரு கார்டு. தபால்காரர் கையிலிருந்து வாங்கியது நான்தான். முத்துக்கனி என்று உன் பெயர் இருந்தது. அன்றைக்கு என்னுடையதும் வரும் என்று மத்தியானம்வரை வாசலில் நின்றேன். மறுநாளும் நின்றேன். அதற்கடுத்த நாள் தபால்காரரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போனார்.

அழுதேன், மதினி. அது உனக்குத் தெரியும். நீ என் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தெரியாதது, நீ குழாயடிக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டது. "ஏட்டி, உன் எடத்தை அவ எடுத்துக்கிட்டாளா?"

"இல்லம்மா" என்றேன். ஆனால் ஏன் இல்லை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ராமசேஷன் சார்தான் சாயங்காலம் வந்து விளக்கினார். "தப்பு என்னோடது. ரெண்டு பேரையும் ஒரே தராசுல நிறுத்துட்டேன். டிகிரி முடிச்சவாளுக்குன்னு தனியாக் கொஞ்சம் இடம் வெச்சிருக்கா. அந்த வரிசைல நிக்கறவா கம்மி. டிகிரியும் வாங்கி, கல்யாணமும் ஆனப்பறம் மறுபடி புஸ்தகத்தைத் தூக்க யார் வருவா? தங்கம் நின்ன வரிசைதான் நீளம். உங்க நாட்டுப்பொண் யாரோட இடத்தையும் எடுத்துக்கலேம்மா." அம்மா தலையை ஆட்டினாள். மனசு ஆடவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

அண்ணன் நிலைமைதான் பரிதாபம். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி. யாரைப் பார்த்தும் சிரிக்க முடியாமல், யாரைப் பார்த்தும் வருத்தப்பட முடியாமல், விடியும் முன்னே கடைக்குக் கிளம்பிப் போனான். அப்போதுதான் நீ எல்லாருக்கும் சௌகரியமாக ஒரு முடிவு சொன்னாய். "நான் சேரலை. பிள்ளை வருதுல்லா? அதுவே போதும். தங்கம் அடுத்த வருஷம் மறுபடி போடட்டும்." வீடே மூச்சு விட்டது. அம்மா அன்றைக்கு உனக்குப் பிடிக்கும் என்று சொதி வைத்தாள்.

எனக்கு மட்டும் அந்தச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அன்று மத்தியானம் நீ அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டிருந்தால் நம்பியிருப்பேன். நீ அதைத் துணியால் துடைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாய்.

நீ மெடிக்கல் காலேஜில் சேர்வதற்குக் கடைசி நாள் அது. காலையில் மயிலாப்பூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கு என் பெயரைப் பதிந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீ கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய்.

"மதினி, கிளம்புங்க" என்றேன்.

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தங்கம், அதான் சொல்லிட்டேன்லா. உனக்குக் கெடைக்காததை நான் எந்த முகத்தோட..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் தோத்துட்டேன்னா நீயும் தோக்கணுமா? ரெண்டு பேரும் தோத்து இந்த வீட்டுக்கு என்ன ஆகப்போகுது? பெஞ்சுல உக்காந்திருந்தவளைக் கேக்காமலே சாட்சிக்குக் கூப்பிட்டேல்லா? நான் பாத்துக்குவேன்னு சொன்னேல்லா? இப்ப சொல்லுதேன், பாத்துக்குவேன். கிளம்பு நீ!"

அன்றைக்குத்தான் முதல் தடவை உன்னை நீ என்றேன். அதற்குப் பிறகு நீங்க என்று சொல்ல எனக்கு வரவே இல்லை.

நீ ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாய். சத்தம் கேட்டு அம்மா அடுக்களை வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் நீ நின்றுவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளைத்தாச்சி வெறும் வயித்தோட போகக்கூடாது. ரெண்டு வாய் தின்ன வச்சுக் கூட்டிட்டுப் போட்டி" என்றாள்.

முனை மருந்துக்கடையிலிருந்து அண்ணனுக்குப் போன் பண்ணினேன். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று கார்டில் இருந்தது. பிறகு ஆட்டோ. அந்த டிரைவர் உன்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கா? நோவு எட்த்துக்கிச்சா?"

"நோவு இல்லைங்க. இவங்க டாக்டருக்குப் படிக்கச் சேரப் போறாங்க" என்றேன்.

"வவுத்துல புள்ளைய வெச்சிக்கினா?" அவர் திரும்பி உன்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "அப்போ ரெண்டு பேரு படிக்கப் போறாங்கன்னு சொல்லு. குந்தும்மா, குலுங்காம இட்னு போறேன்." சொன்னபடியே, பள்ளம் வரும்போதெல்லாம் "புட்ச்சிக்கோ, புட்ச்சிக்கோ" என்று கத்திக்கொண்டே மெதுவாக ஓட்டினார். அந்த வேகத்தில் போய்ச் சேர்வதற்குள் ஆபீஸை மூடிவிடுவார்களோ என்று நான்தான் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூடவில்லை. அண்ணன் மாம்பலத்தில் ரயில் பிடித்து நமக்கு முன்னாலேயே வந்து நின்றான். வியர்வையில் சட்டை நனைந்து, துணி அளக்கும் டேப் கழுத்தில் தொங்க நின்றான். அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யார் சேரணும்?" என்றார். "என் வீட்டுக்காரி" என்றான். அவ்வளவு சத்தமாக அண்ணன் பேசி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தை முந்தியே சொல்லியிருந்தா முந்தியே வந்திருப்பேன்லாட்டி" என்றான். நாம் இரண்டு பேரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறான், மனுஷன்.

ஐப்பசி மழையில் அமுதா பிறந்தாள். நீ படுத்திருந்தது சில வாரம்தான். பிறகு காலையில் பாலைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாய். நான் மத்தியானம் கல்லூரி முடிந்து வந்து பிள்ளையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்வேன். வீட்டில் வைத்திருந்தால் அழுவாள் என்று கடைக்குத் தூக்கிப் போவேன். சேலை போடுகிற மேடைக்குப் பின்னால் தூளி கட்டி, அதை ஆட்டிக்கொண்டே வந்தவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டினேன். பிள்ளை இருந்ததாலேயே பொம்பளைகள் நின்று பேசினார்கள். பேசினவர்கள் வாங்கினார்கள். யாருக்கு எந்த நிறம் எடுக்கும், யார் விலை கேட்டுவிட்டுப் போவாள், யார் திரும்பி வருவாள் என்பதெல்லாம் எனக்குத் தானாகத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து, "நீயே உக்காரு" என்றான்.

அடுத்த வருஷம் மறுபடி அறிவிப்பு வந்தது. நீ எனக்காக அப்ளிகேஷன் வாங்கிக்கொண்டு வந்தாய். நான் வேண்டாம் என்றேன். நீ நம்பவில்லை. பிள்ளைக்காகத்தான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு உன்னை உட்காரவைத்துச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? எனக்கு மார்க் இருந்தது மதினி, அதனால் எல்லாரும் டாக்டர் டாக்டர் என்றார்கள், நானும் சொன்னேன். ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சொந்தமாக ஒரு பதில் வரவில்லை. ஆசைக்கு மார்க் போட்டிருந்தால் உனக்குத்தான் முதல் வகுப்பு. "கடை பிடிச்சிருக்கா?" என்று கேட்டாய். "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றேன். அது பொய்யில்லை என்று உனக்கு அப்புறம் தெரிந்திருக்கும். பக்கத்துக் கடையையும் வாங்கிச் சேர்த்தபோது தெரிந்திருக்கும்.

உன்னுடைய படிப்பும் நேர் ரோடாகப் போகவில்லை. அனாடமியில் ஒரு தடவை தவறிவிட்டாய். குழுவிடம் சொன்ன சொல் பொய்யாகிவிட்டதே என்று புத்தகத்தின் மேல் தலையை வைத்து அழுதாய். அம்மாதான் வந்து, "பிள்ளை பெத்த வருஷம் கொழம்புக்கு உப்பு மறக்கும், அடுப்புல பாலு மறக்கும். இதுவும் மறந்திருக்கும். திரும்ப எழுதுட்டி" என்றாள். உன்னை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அது வரைக்கும் நீ மருமகள்.

அம்மா உனக்காகப் பேசிய இன்னொரு பேச்சும் உண்டு, நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது. ஊரிலிருந்து வந்திருந்த சித்தி, "மருமகளைப் படிக்க அனுப்பிட்டு மகளைக் கடையில உக்கார வச்சிருக்கியே, நாலு பேரு என்ன சொல்லுவா?" என்றாள். அம்மா முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. உங்க வீட்டுல எப்படி?" என்றாள். சித்தி அன்று சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டாள்.

வாழ்நாள் முழுக்க நாம் ஒன்றைச் சொல்லிச் சிரித்தோம். தங்கம் வீட்டில் இருந்தால்தான் முத்துக்கனி படிக்க முடியும் என்று குழு அன்றைக்கே முடிவு கட்டி என் பெயரை அடித்துவிட்டது என்று. என் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரித்தோம். என் வீட்டுக்காரர் பயந்துபோய் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டாமல் வீடு பார்த்தார். சிரித்தோமே தவிர, ஒன்றை நான் உன்னிடம் கேட்கவே இல்லை. அன்று உன் வாயில் என் பெயர் தானாகத்தான் வந்ததா? இல்லை, என்னை முன்பே நம்பியிருந்தாயா? எது என்றாலும் எனக்குச் சந்தோஷம்தான். கேட்டிருக்கலாம்.

கடையில் அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டாள். சான்ஸ் இருக்கா என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. எத்தனை வரிசை இருக்கிறது என்று முதலில் விசாரி, உன்னுடையது எதுவென்று பார், பிறகு அதில் போய் நில் என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

இனி இங்கத்திச் சேதி. உன் காரியத்தன்று பட்டினப்பாக்கத்திலிருந்து மீன்காரப் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். அமுதா திகைத்துப்போனாள். அவர்களில் அஞ்சலை உன் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கூட்ல மூணு தலமொறைய கையில எட்த்தாங்க. இன்னா படிப்பு படிச்சாங்களோ, தொட்டா நோவு பாதி பூடும்" என்றாள். உன் மார்க்கைக் கேட்டவர் ஒருவருமில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிளினிக்க மூடிடுவீங்களாம்மா?" என்றாள்.

சொந்தக்காரர்கள் நீ கிளினிக் வைத்திருந்த முன்னறையை வாடகைக்கு விடச் சொன்னார்கள். அண்ணன் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தான். விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்மணி என்று ஒரு சின்னப் பெண், புதிதாக டாக்டர் ஆனவள், சாயங்காலங்களில் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பயந்த சுபாவம். நம் ஜனங்கள் சரியாக்கிவிடுவார்கள்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து திறக்கிறோம். கடையை என் மகன் பார்த்துக்கொள்வான். அறையைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு நான் வாசல் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது, ஊசி போடத் தெரியாது. ஆனால் உள்ளே வரலாமா வேண்டாமா என்று வெளியே தயங்கி நிற்கிறவளைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அவளை வாம்மா என்று கூப்பிட்டு உட்காரவைப்பேன், மதினி. என் கால் நடக்கிறவரை ஒருத்தியையும் வாசலோடு திரும்பிப் போக விட மாட்டேன்.

உன் நாத்தனார்,
தங்கம்